டேலியாவா, கிளாடியோலஸா, அமரில்லிஸா? மலையகத்து வாசலுக்கு ஏற்ற பூக்கிழங்கு

அண்ணன் மகள் கல்யாணமாகி, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் குடிபோயிருக்கிறாள். தோட்டத்து லயத்து வரிசை வீடில்லை, ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடு. வாசலில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு, மூன்று அடி அகலத்தில் மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டுப் போன் எடுத்தாள். "அத்தை, கிழங்குப் பூதான் வைக்கப் போறேன். ஒரு தடவ வெச்சா வருசா வருசம் வரணும். எதை வைக்கட்டும்?" பின்னாலேயே நான்கு படங்களும் வந்தன. டேலியா, கிளாடியோலஸ், சிவப்பு அமரில்லிஸ், கடைசியாக மஞ்சள் துலிப்.

நான் அவளிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்தக் கிழங்கு எங்க இருக்கும்?"

பூவின் நிறத்தையும் அளவையும் பார்த்துக் கிழங்கு வாங்குவதே நம் வழக்கம். இருபது வருடமாக இந்தச் செடிகளோடு பழகியதில் எனக்குத் தெரிந்தது வேறு. கிழங்கு செத்துப்போவது பெரும்பாலும் பூக்கும் காலத்தில் இல்லை, அது தூங்கும் காலத்தில்தான். டேலியாவின் ஊர் மெக்சிகோ. கிளாடியோலஸ் தென்னாபிரிக்காவிலிருந்தும், நாம் அமரில்லிஸ் என்று சொல்லும் பெரிய சிவப்புப் பூ தென்னமெரிக்காவிலிருந்தும் வந்தவை. அந்த ஊர்களில் மழை நின்று மண் காய்ந்ததும் இலையெல்லாம் பட்டுப்போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். நம் மலையில் அப்படிக் கிடக்கிற நேரத்தில் மண் ஈரமாக இருந்தால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே எந்தக் கிழங்கு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நம் ஆட்களுக்குப் புத்தகம் தேவையில்லை, தேயிலைக் கொழுந்தே சொல்லிவிடும். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக்கு நல்ல தரம் கிடைக்கும் 'குவாலிட்டி சீசன்' ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் அது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. கொழுந்துக்குத் தரம் கூடுவது வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில்தான். அதாவது மேற்குச் சரிவில் ஆண்டின் தொடக்கம் வறட்சி, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் மழையில்லாமல் காற்றுத்தான் அடிக்கும், மழை ஒக்டோபருக்குப் பிறகு. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. பண்டாரவளையில் அதில் பாதிகூட இல்லை. ஒரே டேலியாச் செடியின் கிழங்குகளைப் பிரித்து இரண்டு ஊரிலும் நட்டால் இரண்டு விதமாகத்தான் நடக்கும். என் தங்கச்சி பண்டாரவளையில் இருப்பதால் இதை நாங்கள் செய்தே பார்த்தோம். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் துலிப்பை முடித்துவிடுவோம். வேண்டாம். நுவரெலியா குளிரில் வராதா என்று பலர் கேட்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதும், ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் துகள் உறைபனி படிவதும் உண்மைதான். ஆனால் வெயில் ஏறியதும் அந்தக் குளிர் போய்விடும். துலிப் கிழங்குக்கு ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் வரை ஒன்பது பாகைக்குக் கீழே இடைவிடாத குளிர் தேவை. பிரிட்ஜில் வைத்து அந்தக் குளிரைக் கொடுக்கலாம், பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் அதிலிருந்து வரும் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டாலும் பூ ஒரே தடவைதான். அடுத்த வருடம் அதே கிழங்கில் இலை மட்டும் வரும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பையில் போட்டுக் கொண்டுவருவார் என்ற யோசனையும் வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் நடுகைப் பொருள் கொண்டுவர முடியாது. ஒரு கிழங்கோடு ஒட்டி வருகிற பூஞ்சணம் நம் மண்ணுக்கு வந்தால் திரும்பப் போகாது.

இனி டேலியா. மலையகத்தில் டேலியாவைப் பிடிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு கிழங்கு லயத்துக்கு வந்து, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போய், இன்று டிவிஷன் முழுக்க ஒரே கத்தரிப்பூ நிறமாக நிற்கும் இடங்கள் உண்டு. இதன் பெரிய பலம், வெட்ட வெட்டப் பூப்பது. நல்ல செடி ஒன்று மூன்று நான்கு மாதம் விடாமல் பூக்கும். கோயிலுக்கும் கொடுக்கலாம், வீட்டிலும் வைக்கலாம். நட்டு இரண்டரை மூன்று மாதத்தில் முதல் பூவைப் பார்த்துவிடலாம்.

ஆனால் வாங்கும்போதே ஏமாறக்கூடிய கிழங்கு இது. ஒரு ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் தெருவோரக் கடையொன்றில் ஐந்து கிழங்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் வற்றாளைக் கிழங்குபோலத் தளதளவென்று இருந்தது. ஆறு வாரம் காத்திருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டினால் உள்ளே கூழ். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், எந்தத் துண்டை நட்டாலும் முளைக்கும். டேலியாவுக்கு அப்படியில்லை. கிழங்கு பழைய தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான் கண் இருக்கும். கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தண்டின் அடித்துண்டு கொஞ்சமாவது ஒட்டியிராவிட்டால் அது வெறும் மாவுப் பொட்டலம். வாங்குமுன் கழுத்தைப் பாருங்கள். ஊசி முனையளவு இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு மேடு தெரிந்தால், கிழங்கு சுண்டுவிரல் பருமனே இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல் தண்டு. டேலியாத் தண்டு உள்ளே குழாய்போல இருக்கும். பூத்து முடிந்ததும் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல அடியோடு வெட்டிவிட்டால், அந்தக் குழாயில் மழைத்தண்ணீர் நிறைந்து நேரே கழுத்துக்குள் இறங்கும். கிழங்கு அழுகுவது பெரும்பாலும் அங்கிருந்துதான், அடி மண்ணிலிருந்து இல்லை. வெட்டிய தண்டின் மேல் காலியான யோகட் கப் ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். எங்கள் வாசலில் வரிசையாக யோகட் கப் நிற்பதைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட எடுத்துச் சென்ற வருடம், மூன்று செடி போய்விட்டது.

இப்போது தங்கச்சியின் கதை. ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த கிழங்கை இருவரும் நட்டோம். பண்டாரவளையில் அவள் ஒக்டோபர் முதல் மழையோடு மேட்டுப் பாத்தியில் நட்டாள். ஜனவரியில் பூத்து மே வரை நின்றது. ஜூனில் இலை காய்ந்தது. அங்கே அப்போது வறட்சி, கிழங்கு மண்ணிலேயே தூங்கியது. அவள் தோண்டவே இல்லை. அடுத்த ஒக்டோபரில் தானாக முளைத்தது. மேற்குச் சரிவில், இந்தப் பக்கம் நானும் தோண்டாமல் விட்டேன். ஜூலையில் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது கையில் ஒட்டிய நாற்றம் சவுக்காரம் போட்டும் போகவில்லை. மேற்குச் சரிவில் டேலியாவின் தூக்கம் கூரைக்குக் கீழேதான் நடக்க வேண்டும். மே மாத மழை இறங்குமுன் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் காயவிட்டு, உலர்ந்த மணலோ மரத்தூளோ போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒக்டோபரில் சட்டியில் நட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, கன்றானதும் நவம்பர் கடைசியில் மண்ணில் இறக்கினால், ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை வெயில் மாதங்களில் பூக்கும். முளைவிடும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. கம்பை முதலில் ஊன்றிவிட்டுப் பிறகு நட வேண்டும், பிறகு ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்திவிடும். நான்காவது சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு அடர்ந்து வளரும். கொழுந்து கிள்ளிய கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக டேலியா ஆள் வீட்டிலிருந்து தினமும் பார்க்கும் பூ. கட்ட வேண்டும், வாடிய பூவை வெட்ட வேண்டும், முளைத்த புதிதில் விளக்கெடுத்துக்கொண்டு இரவில் நத்தை பொறுக்க வேண்டும். காலையில் மலைக்குப் போய் மாலையில் வருகிறவருக்கு ஆறு செடிக்கு மேல் பார்க்க முடியாது. அண்ணன் மகளின் பாத்தியில் இரண்டடி இடைவெளி விட்டால் ஆறு செடிதான் பிடிக்கும் என்பதும் சரியாக வருகிறது.

கிளாடியோலஸ் கணக்கு வேறு. ஒரு கிழங்குக்கு ஒரு பூந்தண்டு, எப்போதாவது இரண்டு. அது அடியிலிருந்து ஒவ்வொன்றாக விரிந்து பத்து நாளில் முடிந்துவிடும். அதனால் வாசல் அழகுக்கு மட்டும் என்றால் நான் இதைச் சொல்லமாட்டேன். விற்க, அல்லது ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பூ வேண்டும் என்றால் இதைவிட நம்பகமான கிழங்கு இல்லை. நட்ட நாளிலிருந்து வகையைப் பொறுத்து 70 முதல் 100 நாளில் பூக்கும். குளிர் கூடிய இடத்தில் நூறை ஒட்டிப் போகும். சித்திரை வருடப் பிறப்புக்குப் பூ வேண்டுமென்றால் ஜனவரி முதல் வாரம் நட வேண்டும். பாதிக் கிழங்கை பத்து நாள் தள்ளி நட்டால் பூவும் தள்ளி வரும். அரை அடிக்கு ஒன்றாக மூன்று வரிசை நடலாம் என்பதால் அவளுடைய அந்தச் சின்னப் பாத்தியிலேயே எழுபது கிழங்கு பிடிக்கும். ஆழம் 10 முதல் 15 சென்டிமீட்டர். மேலோட்டமாக நட்டால் பூந்தண்டு சாயும்.

அடிப்பூ ஒன்றிரண்டு நிறம் காட்டும்போதே தண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது நான்கு இலையையாவது செடியில் விட்டு வையுங்கள். நட்ட கிழங்கு அந்த வருடத்தோடு சுருங்கிப்போகும். அதன் தலைமேல் புதுக்கிழங்கு ஒன்று உருவாகும், அதை வளர்ப்பது மிஞ்சிய இலைகள்தான். பூ போனபின் ஆறு வாரமாவது இலை பச்சையாக நிற்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் இங்கேதான் இழுபறி. ஏப்ரல் நடுவில் வெட்டினால் இலை மே கடைசிவரை வேண்டும், மழையோ மே நடுவிலேயே மிரட்டும். நான் கொஞ்சம் முன்னதாகவே தோண்டி, இலையோடு தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிடுவேன். காய்ந்ததும் வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் மாட்டினால் போதும். பெரிய கிழங்கின் அடியில் ஒட்டியிருக்கும் குட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு பருவம் வளர்த்தால் அவையும் பூக்கும். இலையில் வெள்ளி பூசியதுபோல் கீறல் தெரிந்தால் அது இலைப்பேன். பூவிதழ் ஓரம் கருகி விரியாமல் நிற்பதும் அதனால்தான். அப்படியான செடியின் கிழங்கை அடுத்த பருவத்துக்கு வைத்தால் பூச்சியையும் சேர்த்தே வைக்கிறீர்கள்.

ஒரு வருடம் தோண்ட மறந்தால் கிளாடியோலஸ் போய்விடும். சந்தைக்குக் கொடுக்கும் எண்ணமில்லாதவர் பத்துக் கிழங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது, அமரில்லிஸ். எங்கள் அப்பாயி வைத்த செடியின் பிள்ளைகள் இன்னும் என் வாசலில் பூக்கின்றன. அதைச் சொல்லும்போது எனக்கு நடுநிலையாக எழுத வராது, எழுதவும் விரும்பவில்லை. லயத்திலிருந்து மூன்று தடவை வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் சாக்கில் போட்டுக் கொண்டுபோனது அந்தக் கிழங்கைத்தான். ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகிறது. மருந்தும் இல்லை, பெட்டியும் இல்லை.

அது மழையைத் தாங்குவதற்குக் காரணம் நடும் முறை. பெரிய வெங்காயம் போன்ற இந்தக் கிழங்கின் மேல் மூன்றிலொரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். கழுத்து காற்றில் இருப்பதால் தண்ணீர் தேங்காது. முழுவதும் புதைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். நம் பக்கத்தில் வறண்ட மாதங்கள் முடிந்து முதல் மழை விழுந்ததும், மார்ச்சிலோ ஏப்ரலிலோ, இலை வருவதற்கு முன்பே மொட்டு தலைநீட்டும். விரல் பருமனான தண்டில் நான்கு பூ, ஒவ்வொன்றும் விரித்த கையளவு. பூ முடிந்தபின் வரும் இலைகள் மழை மாதம் முழுக்கப் பச்சையாக நின்று கிழங்குக்குச் சாப்பாடு சேர்க்கின்றன. மற்ற இரண்டும் பயப்படும் அதே மாதங்களில் இது உழைக்கிறது.

குறை என்ன? வருடத்தில் ஒரே தடவை, இரண்டு மூன்று வாரம் மட்டும்தான் பூ. மற்ற மாதம் வெறும் வார்போன்ற இலை. பக்கக் கிழங்கைப் பிரித்து நட்டால் பூக்க மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும். இலையிலும் தண்டிலும் சிவப்புக் கீறல் விழும் ஒரு பூஞ்சண நோய் உண்டு, தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் அது கூடும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழு ஒன்று இலையை ஒரே இரவில் தின்றுவிடும். கையால் பொறுக்குவதே போதும். இன்னொன்று முக்கியம். கிழங்கு நஞ்சு. பார்ப்பதற்கு வெங்காயம்போல இருப்பதால் தோண்டியதை அடுப்படியில் வைக்கவே கூடாது, சின்னப் பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது.

அந்த நஞ்சுதான் நம் இடத்தில் அதற்குப் பெரிய காவலும்கூட. தேயிலை மலைக்கும் காட்டுக்கும் ஒட்டிய வீடுகளில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் வரும். டேலியாக் கிழங்கு அவற்றுக்கு வற்றாளை மாதிரிதான். ஒரு இரவில் பாத்தியையே புரட்டிவிடும். அமரில்லிஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் வீடு மலையோரத்தில் கடைசி வீடு என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே டேலியாவைச் சட்டியில் மட்டும் வையுங்கள்.

நான்கு படத்திலும் இல்லாத ஒன்றையும் அவளுக்குச் சொன்னேன். ஆரம் லில்லி. நுவரெலியாப் பக்கம் ஓடைக்கரைகளில் வெள்ளைப் புனலாகச் சுருண்டு நிற்கிறதே, அதுதான். தென்னாபிரிக்காவில் சதுப்பில் வளர்வது. மற்றக் கிழங்கு அழுகும் ஈரத்தில் இது கொழுக்கும். பீலிக்கரையிலோ தண்ணீர் வழிந்தோடும் கானோரத்திலோ வைத்துவிட்டால் போதும். மாலைக்கும் சாடிக்கும் நன்றாக நிற்கும். ஆனால் முள்ளம்பன்றிக்கு இதன் கிழங்கு பிடிக்கும். தென்னாபிரிக்காவில் இதற்குப் பன்றி லில்லி என்றே ஒரு பெயர் இருக்கிறது. சாறு பட்டால் நாக்கும் தொண்டையும் எரியும். பிடுங்கிய கிழங்கை ஓடையில் எறிய வேண்டாம், கீழே போய் அடுத்தவர் வயலோரத்தை மூடிவிடும்.

மண் சரியும் கரைமேட்டுக்கு நீல அகபாந்தஸ் நன்று, வேர் பின்னிப் பிடிக்கும். நிலச்சம்பங்கி கேட்டால், கண்டி, மாத்தளை உயரத்தில் வையுங்கள். ஹட்டனுக்கு மேலே குளிரில் இலை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும்.

எதை வைத்தாலும் மண் வேலை ஒன்றுதான். தேயிலைக்கு ஏற்ற மண் புளிப்பு மண், இந்தக் கிழங்குகளுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. நடுவதற்கு மூன்று வாரம் முன்பு கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிட வேண்டும். மாட்டெரு பழையதாக, மண் வாசம் வருவதாக இருக்க வேண்டும், புதுச் சாணம் கிழங்கை அழுகச் செய்யும். பாத்தியை ஓரடி உயர்த்தி, மேல்பக்கம் கான் வெட்டி ஓடிவரும் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். தகரக் கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே எதையும் நடாதீர்கள். ஒரு மழைக்கு அங்கே விழும் குழியைப் பார்த்தாலே விளங்கும்.

மஸ்கெலியா வாசலுக்கு நான் சொன்னது இது. பன்னிரண்டடியில் எட்டடிக்கு அமரில்லிஸ், ஓரடி இடைவெளியில் இரண்டு வரிசை. அடுப்படி யன்னலுக்கு நேரே உள்ள நான்கடியில் இரண்டே டேலியா, வேலையிலிருந்து வந்ததும் கண்ணில் படுகிற இடம். பீலியடியில் ஒரு ஆரம் லில்லி. கிளாடியோலஸ் வேண்டுமென்றால் ஜனவரியில் பத்துக் கிழங்கு, அமரில்லிஸ் வரிசைக்கு நடுவில். "அப்போ துலிப்?" என்றாள். படத்தை போனிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்பாயியின் கிழங்கில் பதினாறு பிரித்து, வேரை வெட்டாமல் கடதாசியில் சுற்றி, போன சனிக்கிழமை ஹட்டன் பஸ்ஸில் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். கழுத்து எதுவரை வெளியே தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் பேனையால் கோடு போட்டிருக்கிறேன்.